வெட்டுவதை விடுங்கள், மிச்சம் எவ்வளவு என்று கேளுங்கள்

குடலில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் போய்விட்டது என்று கேள்விப்பட்டால் எங்கள் பக்கத்துச் சனம் அதோடு கதையை முடித்துவிடும். "இனி ஆஸ்பத்திரிக்கு அலையாம வீட்ல வச்சுப் பாத்துக்குங்க" என்று என் அக்கா விஷயத்திலும் சொன்னார்கள். சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஈரல் என்றால் மஞ்சள் கண், வீங்கிய வயிறு, அப்புறம் சாவு வீடு என்றுதான் தேயிலைத் தோட்டத்தில் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். ஆனால் குடல் புற்றுநோய் கொஞ்சம் வேறு மாதிரி. ஈரலுக்குப் பரவிய கட்டிகளை முழுதாக வெட்டி எடுக்க முடிந்தால் பல வருடம் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு நோய் திரும்பி வராமலே போவதும் உண்டு.

அக்கா இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். குடல் ஒப்பரேசன் முடிந்து, கீமோவும் முடிந்து, ஈரலின் வலது பக்கத்தில் மட்டும் கட்டிகள் மிஞ்சியிருந்தன. கீமோவில் அவை சுருங்கியிருந்தன. இடது பக்கம் சுத்தம். சரி, வலது பக்கத்தை வெட்டி எறிந்துவிட வேண்டியதுதானே என்று நாங்கள் நினைத்தோம். சத்திரசிகிச்சை டொக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "வெட்டலாம், ஆனா இப்ப வெட்டினா மிச்சம் போதாது" என்றார். முதலில் வலது பக்கம் போகும் ரத்தக் குழாயை அடைக்க வேண்டும், சில கிழமை காத்திருக்க வேண்டும், இடது பக்கம் வளர்ந்த பிறகுதான் ஒப்பரேசன். இதுதான் அவர் சொன்ன திட்டம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த ரத்தக் குழாயை, அதாவது ஈரல் வாயினாளத்தை, கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். சொந்த வீட்டில் அதைச் சொல்லிப் புரியவைப்பது வேறு வேலை என்று அன்றைக்குத் தெரிந்தது.

நோயாளி வீட்டார் டொக்டரிடம் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: கட்டி எத்தனை, எவ்வளவு பெரிசு? சத்திரசிகிச்சை டொக்டரின் கணக்கு அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தொடங்குகிறது. எதை எடுக்கிறோம் என்பதைவிட எது மிஞ்சும் என்பதுதான் அவருக்கு முக்கியம். ஈரல் நல்ல நிலையில் இருக்கிற ஒருவருக்கு மொத்த ஈரலில் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினால் சமாளித்துக்கொள்ளும். நிறைய கீமோ எடுத்தவர்களுக்கு, கொழுப்புப் படிந்த ஈரல் உள்ளவர்களுக்கு, 30 சதவீதமாவது வேண்டும். ஈரல் சுருங்கி இறுகிப்போன சிரோசிஸ்காரர்களுக்கு 40. இதற்குக் குறைவாக வைத்துவிட்டு வெட்டினால் ஒப்பரேசன் நன்றாக முடிந்தாலும் அதற்குப் பிறகு ஈரல் செயலிழக்கலாம்: மஞ்சள் ஏறும், வயிற்றில் நீர் கட்டும், ரத்தம் உறையாது, ஆள் நினைவு தடுமாறும். கட்டியால் சாகாதவர் ஒப்பரேசனால் சாகக்கூடிய இடம் இது.

அக்காவுக்கு மிஞ்சப்போவது 22 சதவீதம். கீமோ எடுத்த ஈரல். ஆக, போதாது.

இந்த 22 எப்படி வந்தது என்று கேட்டேன். கலர் ஊசி போட்டு எடுத்த சி.டி. ஸ்கேனில் ஈரலை மெல்லிய துண்டு துண்டாகக் காட்டும் படங்கள் இருக்கும். ஒவ்வொரு படத்திலும் வெட்டப்போகும் பகுதியையும் மிஞ்சும் பகுதியையும் கோடு போட்டுப் பிரித்து, எல்லாவற்றையும் கூட்டிக் கன அளவு எடுப்பார்கள். கட்டிகள் இருக்கும் இடத்தை ஈரலாகக் கணக்கெடுப்பதில்லை. ஆளின் உயரத்தையும் எடையையும் வைத்து, இந்த உடம்புக்கு ஈரல் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்ப்பதும் உண்டு. யாருக்காவது பெரிய ஈரல் ஒப்பரேசன் என்று சொன்னால், டொக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த இலக்கத்தைத்தான். கேட்டு, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். பிறகு வரும் எல்லா முடிவும் அதைச் சுற்றித்தான்.

இனி அந்த அடைப்பு விஷயம். ஈரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. ஒன்று ஈரல் நாடி, மற்றது குடலில் இருந்து சத்தைச் சுமந்து வரும் வாயினாளம். வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வாயினாளத்தால்தான் வருகிறது. அது ஈரலுக்குள் நுழையும் இடத்தில் வலது, இடது என்று இரண்டாகப் பிரிகிறது. வலது கிளையை அடைத்தால் ரத்தம் முழுக்க இடது பக்கம் திரும்பும். வலது பக்கம் மெல்லச் சுருங்கும், இடது பக்கம் வளரும். 1920லேயே ரூஸ், லாரிமோர் என்ற இருவர் முயலின் வாயினாளக் கிளையைக் கட்டிவிட்டு இதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த ரூஸ்தான் பிற்காலத்தில், 1966ல், வேறொரு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு வாங்கிய பெய்டன் ரூஸ். முயலில் பார்த்ததை மனிதருக்குச் சிகிச்சையாகக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானியர்கள். 1980களில் மக்கூச்சி, கினோஷிதா ஆகியோரின் குழுக்கள் ஒப்பரேசனுக்கு முன்பே இந்த நாளத்தை அடைக்கத் தொடங்கின.

இதை நான் அக்காவுக்குப் படம் கீறி விளக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இவ்வளவுதானா தம்பி? மேல் லயத்துக்குப் போற பைப்ப அடைச்சா கீழ் லயத்துப் பீலியில தண்ணி பாஞ்சு வரும். அதுக்கு ஏன் இத்தன கோடு?" லயம் என்பது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகள், பீலி அங்கே தண்ணீர் பிடிக்கும் இடம். அதற்குப் பிறகு நான் யாருக்கும் படம் கீறவில்லை. அக்காவே வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டார்.

எல்லோருக்கும் இதைச் செய்துவிட முடியாது. வாயினாளத்துக்குள் ஏற்கெனவே கட்டி வளர்ந்தோ ரத்தம் உறைந்தோ அடைத்திருந்தால் இதில் பயன் இல்லை. சிரோசிஸ் முற்றி வாயினாளத்தில் அழுத்தம் ஏறியிருந்தால் ஆபத்து. பித்தக் குழாய் அடைபட்டு மஞ்சள் ஏறியிருந்தால் முதலில் பித்தத்தை வடிக்க வழி செய்துவிட்டுத்தான் இதைத் தொடுவார்கள்.

செய்வது சத்திரசிகிச்சை டொக்டர் இல்லை, ரேடியோலஜி டொக்டர். வயிற்றைத் திறப்பதில்லை. முந்திய இரவிலிருந்து சாப்பாடு இல்லை. ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது, பிளேட்லெட் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி என்று முன்கூட்டியே பரிசோதிப்பார்கள். அஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் மாதிரி மருந்து எடுக்கிறவர்கள் அதைச் சொல்லாமல் போகக்கூடாது. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் போடுகிறவர்களும் சொல்ல வேண்டும், கலர் ஊசி போடுவதால் அதைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லலாம். எதை, எத்தனை நாளைக்கு நிறுத்துவது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். மருந்துக் கார்டுகளை எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் போட்டு அப்படியே கொண்டுபோய் மேசையில் வைத்துவிடுவது நல்லது. ஞாபகத்தில் இருந்து சொன்னால் ஒன்று விட்டுப்போகும்.

கையெழுத்து வாங்க வந்த படிவம் சிங்களத்தில் இருந்தது. எனக்குச் சிங்களம் பேச வரும், மருத்துவச் சிங்களம் வராது. தமிழ் தெரிந்த ஒரு எச்.ஓ., அதாவது பயிற்சி டொக்டர், இருந்தால் வரச் சொல்ல முடியுமா என்று வார்ட் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேட்டேன். பக்கத்து வார்டில் இருந்து ஒரு பிள்ளை வந்தது. கட்டிலின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் அக்காவிடம் நேரடியாகச் சொன்னது: ரத்தக் கசிவு வரலாம், பித்தம் கசியலாம், கிருமி தொற்றலாம், அடைக்கும் பசை வழிதவறி நல்ல பக்கத்துக்குப் போகலாம், இதெல்லாம் அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடக்கலாம். எங்கள் ஆட்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள். தோட்டத் துரையிடம் பேசுவது மாதிரி டொக்டரிடம் தலையாட்டிவிட்டு வந்து, வெளியில் இருக்கிறவரிடம் "என்ன சொன்னாங்க?" என்று கேட்பார்கள். விளங்காமல் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கேட்டால் பெரும்பாலும் யாராவது ஒருவரைக் கூப்பிட்டுத் தருகிறார்கள்.

உள்ளே நடந்தது அக்கா சொல்லியும், பிறகு டொக்டர் சொல்லியும் தெரிந்தது. வலது விலாவுக்குக் கீழே தோலை மரத்துப்போகச் செய்து, தூக்கக் கலக்கம் வர ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியை ஈரலுக்குள் இருக்கும் வாயினாளக் கிளைக்குள் விடுகிறார்கள். அதன் வழியாக மெல்லிய குழாய் ஒன்று போகிறது. கலர் மருந்து விட்டு நாளத்தின் கிளைகளைத் திரையில் பார்த்துவிட்டு, வலது பக்கக் கிளைகளை ஒவ்வொன்றாக அடைக்கிறார்கள். அடைக்கப் பல சாமான்கள் இருக்கின்றன: மருத்துவப் பசை, மணல் மாதிரி நுண்ணிய துகள்கள், சுருள் கம்பிகள், சிறிய அடைப்பான்கள். அக்காவுக்குப் பசை. சயனோஅக்ரிலேட் என்ற அந்தப் பசையை லிப்பியோடால் என்ற எண்ணெயோடு கலந்து விடுவார்கள். எண்ணெய் சேர்ந்தால் எக்ஸ்ரேயில் தெரியும், பசை எவ்வளவு சீக்கிரம் இறுகுவது என்பதையும் கட்டுப்படுத்தலாம். வெளியே வரும்போது ஊசி போன வழியையும் அடைத்துக்கொண்டே வருகிறார்கள்.

முடிந்து வார்டுக்கு வந்தபின் பல மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும், அடிக்கடி பிரஷரும் நாடித்துடிப்பும் பார்ப்பார்கள். வலது தோளில் வலி என்று அக்கா சொன்னபோது நான் பயந்துவிட்டேன். ஈரலின் மேற்பக்கம் உறுத்தப்பட்டால் தோளில் வலி தெரிவது வழமை என்று மிஸ்ஸி சொன்னார். இரண்டு மூன்று நாளைக்கு லேசான காய்ச்சல், ஓங்காளம், சாப்பாட்டில் மனமின்மை. அவ்வளவுதான். கீமோவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை என்று அக்காவே சொன்னார்.

வீட்டுக்கு விட்டதும் அன்றைக்கே மலைப்பாதையில் பஸ் ஏற்றிவிடாதீர்கள் என்பது என் கருத்து. கண்டியில் இருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று ஹட்டன் வரைக்கும் வளைவுக்கு மேல் வளைவு. மழை நாளில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட யாராவது சொந்தக்காரர் வீட்டில் ஓரிரு நாள் தங்க முடிந்தால் தங்குங்கள். குளிரோடு காய்ச்சல், கண் மஞ்சள், கறுப்பு மலம், வயிறு உப்புவது, தலைசுற்றி மயக்கம் வருவது, தாங்க முடியாத வலி, இவற்றில் ஏதாவது வந்தால் விடியட்டும் என்று பார்க்கக்கூடாது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் லயம் வரைக்கும் ஏறுமா என்பது ரோட்டைப் பொறுத்தது. மெயின் ரோட்டுக்கு ஆளைக் கொண்டுவர யாருடைய ஆட்டோ என்பதை முன்பே பேசி வையுங்கள்.

உண்மையான கஷ்டம் இதற்குப் பிறகுதான் தொடங்கியது. காத்திருப்பு. பொதுவாக மூன்று முதல் ஆறு கிழமை. "அடைச்சிட்டு அனுப்பிட்டாங்க, வெட்ட முடியாதுன்னு கைவிட்டுட்டாங்க போல" என்று பீலிக்கரையில் பேச்சு. ஒப்பரேசனைத் தள்ளிப் போடுகிறார்கள் என்று சொந்தக்காரர்களுக்குக் கோபம். பிரைவேட்டில் பணம் கட்டினால் நாளைக்கே வெட்டுவார்கள் என்று ஒருவர். இந்தச் சில கிழமைகளில்தான் சிகிச்சையே நடக்கிறது என்பதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? வெளியில் ஒன்றும் தெரியாது. மருந்தும் இல்லை, சேலைனும் இல்லை. உள்ளே ஈரல் செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும். முதல் இரண்டு மூன்று கிழமைதான் வளர்ச்சி வேகம், பிறகு மெதுவாகும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. காத்திருக்கும் நேரத்தில் கட்டியும் வளரலாம். நல்ல பக்கத்தில் புதுக் கட்டி தெரியவும் வரலாம். அதனால்தான் சிலருக்கு இடையில் கீமோ தொடரும், சிலருக்கு நிறுத்தி வைப்பார்கள். பெவாசிசுமாப் மாதிரி காயம் ஆறுவதைத் தாமதமாக்கும் மருந்தை ஒப்பரேசனுக்குச் சில கிழமைக்கு முன்பே நிறுத்துவது வழமை. இதையெல்லாம் புற்றுநோய் டொக்டரும் சத்திரசிகிச்சை டொக்டரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். இருவரும் வேறு வேறு ஆஸ்பத்திரியில் இருந்தால், ஒருவர் எழுதிய கடிதத்தை மற்றவரிடம் கொண்டு சேர்ப்பது வீட்டாரின் வேலை. தபாலை நம்பாதீர்கள்.

வீட்டில் நாங்கள் செய்யக்கூடியது சாப்பாடும் நடையும். ஈரல் வருத்தம் என்றாலே பத்தியம் என்று முட்டையையும் மீனையும் நிறுத்திவிடும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. காலையில் ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும், மத்தியானம் சோறும் ஒரு கீரையும் என்றால் புதிதாக ஈரல் கட்ட எங்கிருந்து வரும்? டொக்டர் சொன்னது புரதம் வேண்டும் என்று. முட்டை, பருப்பு, அவித்த பயறு, கடலை, நெத்தலி, சோயாமீட், இவையெல்லாம் தோட்டத்துக் கடையிலேயே கிடைக்கும் சாமான்கள்தான். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஈரல் வளர்வது மந்தமாகலாம் என்பதால் சீனியைக் கட்டுப்பாட்டில் வைப்பதும் முக்கியம். குடிக்கிறவர்கள் குடியை முழுதாக விட வேண்டும். கொஞ்சம் என்ற கணக்கே இல்லை.

கீழாநெல்லிச் சாறு பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரு செடியோடு வந்தார்கள். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, பெயர் தெரியாத ஒரு வேர். நான் நாட்டு மருந்துக்கு எதிரி இல்லை. ஆனால் ஒப்பரேசனுக்குத் தயாராகும் ஈரலில் எந்தச் செடி என்ன செய்யும், ரத்தம் உறைவதைக் கெடுக்குமா என்று தெரியாமல் பரீட்சை பார்க்கும் நேரம் இதுவல்ல. அன்போடு கொண்டுவந்ததை முகத்தில் அடித்த மாதிரி மறுக்கவும் முடியாது. அக்கா எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, "ஒப்பரேசன் முடியட்டும் குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். இது எனக்குத் தோன்றாத யுக்தி.

நடை பற்றி மலையகத்தில் பெரிதாகச் சொல்லத் தேவையில்லை. லயத்தில் இருந்து கடைக்குப் போய் வந்தாலே படிக்கட்டுதான். மூன்று பந்து உள்ள அந்தப் பிளாஸ்டிக் மூச்சுப் பயிற்சிச் சாமானையும் முன்கூட்டியே வாங்கிப் பழகச் சொன்னார்கள். ஒப்பரேசனுக்குப் பிறகு வலியோடு புதிதாகப் பழகுவதைவிட அது சுலபம்.

வளர்ச்சி போதாவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டுவைத்திருந்தேன். வாயினாளத்தோடு, ஈரலில் இருந்து ரத்தம் வெளியேறும் ஈரல் நாளத்தையும் சேர்த்து அடைக்கும் முறை ஒன்று இருக்கிறது. பிரான்சில் இருந்து 2016ல் வந்தது. உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் அடைபடுவதால் மறுபக்கம் இன்னும் வேகமாகவும் அதிகமாகவும் வளர்கிறது. முதலில் வாயினாளத்தை மட்டும் அடைத்தவர்களுக்குப் பிறகு இதைச் சேர்த்துச் செய்வதும் உண்டு. இரண்டு கட்ட ஒப்பரேசன் ஒன்றும் இருக்கிறது, 2012ல் ஜெர்மனியில் இருந்து வெளியானது. முதல் ஒப்பரேசனில் ஈரலை இரண்டாகப் பிளந்து ஒரு பக்க வாயினாளத்தைக் கட்டிவிட்டு, ஒன்றிரண்டு கிழமையில் திரும்பவும் திறந்து வெட்டுவது. வளர்ச்சி மிக வேகம். ஆனால் ஆரம்ப காலத்தில் அதில் உயிரிழப்பும் அதிகமாக இருந்தது, அதனால் ஆளைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். வேகமானதுதான் நல்லது என்று நினைக்கிற நம் ஆட்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாலு கிழமைக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் அக்காவின் இடது பக்கம் 31 சதவீதம். கிழமைக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல். மொத்த அளவைப் போலவே இந்த வேகத்தையும் டொக்டர்கள் பார்க்கிறார்கள். வேகமாக வளர்கிற ஈரல் ஒப்பரேசனுக்குப் பிறகும் நன்றாக வேலை செய்யும் என்பது அவர்கள் கணிப்பு. புதுக் கட்டி எதுவும் இல்லை. திகதி கொடுத்தார்கள்.

செலவு பற்றிப் பலர் கேட்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. சில சாமான்களை, சில பரிசோதனைகளை வெளியில் செய்யச் சொல்லலாம் என்பதால் முதல் நாளே கேட்டு வையுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை. ஸ்கேன் எடுத்தால் அறிக்கைத் தாளோடு திரும்பிவிடாமல் படங்கள் உள்ள சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். கன அளவைத் திரும்பக் கணக்கிட அந்தப் படங்கள்தான் வேண்டும், தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஒப்பரேசன் நீண்ட நேரம் எடுத்தது, ஐ.சி.யூ.வில் சில நாள். ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனையை டொக்டர்கள் மிகக் கவனமாகப் பார்த்தார்கள். அன்றைக்குக் கண்ணில் மஞ்சளை உண்டாக்கும் பிலிருபின் ஏறியும் ரத்தம் உறைவது மோசமாகவும் இருந்தால் ஈரல் சமாளிக்கவில்லை என்று அர்த்தம். அக்காவுக்குப் பிலிருபின் முதல் இரண்டு நாள் ஏறி, அப்புறம் இறங்கத் தொடங்கியிருந்தது. கால் கொஞ்சம் வீங்கியிருந்தது, அதுவும் வடிந்தது.

இப்போது குறிப்பிட்ட இடைவெளியில் கிளினிக், நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சி.ஈ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன். கடைசியாக எடுத்ததில் ஒன்றும் இல்லை. நோய் திரும்பி வரக்கூடியது என்பது எங்களுக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். தெரிந்ததால் கிளினிக் திகதியை ஒன்றுகூடத் தவறவிட்டதில்லை. போன கிழமை பக்கத்துத் தோட்டத்தில் இருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். அவருக்கும் ஈரலில் கட்டி, நாளத்தை அடைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். நான் பேச வாயெடுக்க முன்பே அக்கா கேட்டார்: "ஒங்களுக்கு மிச்சம் எத்தன சதவீதம்னு சொன்னாங்க?" அவருக்குத் தெரியவில்லை. அடுத்த கிளினிக்குக்கு அவரோடு நானும் போகிறேன்.